குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் உறுப்பினர்

ஒரு நல்ல காரியம், அதை ஒருவர் தனியாகச் செய்கிற வரைக்கும்தான் ஒழுங்காக நடக்கும். உதவிக்கு ஆள் வந்துவிட்டால் தொலைந்தது. கண்ணாடிக்கடைக்காரருக்கு இது தெரிந்திருக்கவில்லை. மூக்குக்கண்ணாடிக்கு வில்லை தேய்த்து, சட்டத்தில் மாட்டி, வந்தவர் மூக்கின் மேல் வைத்து, "இப்போ தெரியுதா?" என்று கேட்டே பாதி ஆயுளைக் கழித்தவர் அவர். சூதுவாது கிடையாது.

அவருக்கும் அவர் மனைவிக்கும் ஒரு பைத்தியம் இருந்தது. சீட்டாட்டமோ லாட்டரியோ அல்ல. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, பேசியும் பகடை உருட்டியும் அந்தக் கதைக்குள் நடமாடுகிற விளையாட்டு. ஞாயிறு மதியம் கடைக்கு மேலே இருந்த அறையில் நடக்கும். மனைவியின் தம்பிதான் கதை சொல்கிறவன். எதிரே அக்காளும் அத்தானும். மருத்துவமனை நர்ஸ் ஒருத்தி, பக்கத்துத் தெரு ரொட்டிக்கடைக்காரர், அவ்வளவுதான் கூட்டம்.

"ஒரு குகை வாசல்ல நிக்கிறீங்க. உள்ள இருட்டு. என்ன செய்றீங்க?" என்பான் மச்சினன்.

இந்த 'என்ன செய்றீங்க' என்பதுதான் மொத்த விளையாட்டும். செய்வதைச் சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடை. சந்தேகமில்லாத காரியத்துக்குப் பகடை கிடையாது. ரொட்டிக்கடைக்காரர் ஆர்வக் கோளாறில் எல்லாவற்றுக்கும் உருட்டப் பார்ப்பார். "அண்ணே, கதவு திறந்துதான் கிடக்கு. உள்ள போறதுக்கு எதுக்கு டைஸ்?" என்று மச்சினன் பிடுங்கி வைப்பான்.

கண்ணாடிக்காரர் அந்தக் கதைகளில் ஒரு வீரர். இருட்டென்றால் பயப்படுகிற வீரர். அவர் மனைவி ஒற்றைக்காது என்ற திருடி. இவர் கையைப் பிடித்து இருட்டுக்குள் இழுத்துப் போவது அவள் வேலை.

அவர்கள் மேசையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வாரம் யாராவது வரமுடியாமல் போனால், வராதவருடைய ஆளைச் சாகவிடக் கூடாது அல்லவா? அதனால் அந்த ஆள் குகைக்கு வெளியே நின்று குதிரைகளைப் பார்த்துக்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்வார்கள். நர்ஸுக்கு டியூட்டி மாறினால் அவள் ஆள் குதிரைகளோடு. ரொட்டிக்கடையில் அடுப்பு மக்கர் செய்தால் அவர் ஆள் குதிரைகளோடு. குதிரைகளோடு இருப்பவரை எந்தப் பூதமும் தொடாது. இது எந்த விதிப்புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் யாரும் மீறியதில்லை.

மனைவிக்குத் தண்ணீர்க் குழாய் அலுவலகத்தில் வேலை. ஊருக்கடியில் ஓடும் குழாய்களுக்கு வரைபடம் வரைபவள். விளையாட்டுக்காகவும் வரைவாள். அவள் வரைந்த அரண்மனையிலும் பாதாளத்திலும் சாக்கடை சரியாக ஓடும். "எவ்வளவு பெரிய அரக்கனா இருந்தா என்ன, குளிச்ச தண்ணி எங்கயாவது போயாகணும்ல" என்பாள். அப்படித்தான் 'அரக்கன் வீட்டு வடிகால்' பிறந்தது. நான்கு வரைபடம், ஒரு கதை. சொந்தமாக ஒரு சின்ன இணையப் பக்கம் வைத்து, யார் வேண்டுமானாலும் எடுத்து விளையாடலாம் என்று போட்டுவிட்டாள்.

இந்த விளையாட்டுக்கு வேண்டிய எல்லாமே இணையத்தில் இப்படி இலவசமாகக் கிடக்கும், மூலைக்கு ஒன்றாக. ஒருநாள் ஒரு வெற்றுப் பாத்திரத் தாளுக்காக, அதாவது பாத்திரத்தின் பெயரும் பலமும் நிரப்புகிற படிவத்துக்காக, அவள் சாயங்காலம் முழுக்கத் தேடி அலுத்துப்போனாள்.

"எல்லாம் ஒரே இடத்துல இருந்தா என்ன, குடியா முழுகிடும்?"

கண்ணாடிக்காரர் வில்லை தேய்க்கிற வேலைக்கு நடுவே, வாடிக்கையாளர் வராத நேரத்தில், ஒரு தளம் கட்டுவது எப்படி என்று தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டார். வரைபடங்கள், பாத்திரத் தாள்கள், கதைகள், பகடை அட்டவணைகள். எதன் பெயர் என்ன, யார் செய்தது, எங்கே கிடைக்கும். இவ்வளவுதான். 'பட்டியல்' என்று பெயர் வைத்தார். முதல் வரி, 'அரக்கன் வீட்டு வடிகால்'.

பட்டியல் வழியாக ஆட்கள் வந்தார்கள். முன்பின் தெரியாத ஊர்களிலிருந்து அவளுக்குக் கடிதம் வரும். "மூணு வாரமா உங்க வடிகால்ல மாட்டிக்கிட்டு இருக்கோம். வெளியே வர வழி உண்டா, இல்லையா?" அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். எல்லோருக்கும் ஒரே பதில்தான் போடுவாள்: "தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாருங்க."

அப்புறம்தான் உதவி வந்தது.

முதலில் ஒருவர், பிழை திருத்தித் தருகிறேன் என்றார். பிறகு மூன்று பேர். பிறகு ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிற ஒருவர் வந்தார். ஒட்டகம் கூடாரத்துக்குள் மூக்கை நுழைத்துவிட்டது. பத்து நாளில் குழு அமைந்தது, அவர் தலைவரானார். ஓய்வூதிய அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஓர் அம்மாள் செயலாளரானார். பட்டியல், 'அனைத்துலக மேசை விளையாட்டு வளப் பேரடைவு' ஆயிற்று. கண்ணாடிக்காரருக்கு 'நிறுவனர்' என்று பட்டம் கொடுத்துவிட்டுத் தளத்தின் சாவியை வாங்கிக்கொண்டார்கள். பக்கத்தின் நிறம் பற்றிய தீர்மானங்களில் ஓட்டுப் போடும் உரிமை மட்டும் அவருக்கு நிரந்தரமாக வழங்கப்பட்டது.

தலைவர் ஒருநாளும் விளையாடியதில்லை. அதை அவர் மறைக்கவும் இல்லை.

"விளையாடினால் ஒரு விளையாட்டின் மேல் பிரியம் வந்துவிடும். பிரியம் வந்தால் நடுநிலை கெட்டுவிடும்" என்றார் முதல் கூட்டத்தில். "சாலையில் வண்டி ஓட்டுகிறவன் எல்லாம் ஓட்டுநர் ஆகிவிட மாட்டான். உரிமம் வேண்டும். இந்தப் பேரடைவில் இத்தனை கதைகள் இருக்கின்றனவே, இவற்றுக்கு உரிமம் கொடுத்தது யார்? யாருமில்லை. நினைத்தாலே எனக்குத் தூக்கம் வருவதில்லை."

தூக்கம் வராத மனிதர் நிறைய வேலை செய்வார். வெற்றுப் பாத்திரத் தாள்களில் உள்ளடக்கம் எதுவும் இல்லை என்று கண்டுபிடித்து, அவை அனைத்தையும் நீக்க வைத்தார். பூர்த்தி செய்த தாள்களை மட்டும் அனுமதித்தார். அடுத்தவர் நிரப்பிய தாளை வைத்துக்கொண்டு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் புகாரும் வரவில்லை. விவரணைகளில் ஆர்வத்தைத் தூண்டும் சொற்கள் கூடாது என்று ஓர் உபகுழு முடிவு செய்தது. நெருப்புமிழும் நாகத்தோடு சண்டை போடுகிற கதை, 'ஊர்வன இடம்பெறும் ஆவணம்' ஆனது. ரகசியக் கதவுகள் உள்ள வரைபடங்கள் அந்தக் கதவுகளின் எண்ணிக்கையை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்று இன்னொரு உபகுழு சொன்னது.

கண்ணாடிக்காரர் இதையெல்லாம் மனைவியிடம் சொல்லுவார். அவள் வரைந்துகொண்டே கேட்பாள்.

"உங்க கமிட்டி வீட்டுல தண்ணி எந்தப் பக்கம் ஓடுது?"

"தெரியலையே."

"தேங்கி நிக்குதுன்னு அர்த்தம்" என்றாள்.

அவளுக்கு உடம்பு முடியாமல் போனது அந்த வருடம்தான். போனது, போய்க்கொண்டே இருந்தது. மருத்துவமனைக் கட்டிலில் தலையணையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, பரிசோதனை ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் ஏதோ பாதாளம் வரைவாள். ஒருநாள் பென்சிலை வைத்துவிட்டுச் சொன்னாள்:

"என் வடிகால் மட்டும் லிஸ்ட்ல இருக்கட்டும். யாராவது வந்து மாட்டிக்கிட்டு எழுதுவாங்க. நீங்க பதில் போட்டுடுங்க."

"நீயே போடு."

"சரி, போடுறேன்" என்றாள். ஏமாற்றுகிறாள் என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும்.

அவள் போன பிறகு வெகுநாள் மேலறையில் யாரும் உட்காரவில்லை. பிறகு நர்ஸ்தான் எல்லோரையும் கூப்பிட்டாள். மச்சினன் வரைபடத்தை விரித்து, "நீங்க நாலு பேரும்" என்று பழக்கத்தில் ஆரம்பித்தவன், அப்படியே நின்றுவிட்டான். ரொட்டிக்கடைக்காரர் பகடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒற்றைக்காது குதிரைங்களைப் பார்த்துக்கிட்டு இருக்கா" என்றாள் நர்ஸ்.

"ஆமா" என்றான் தம்பிக்காரன். ஆட்டம் நடந்தது. ஞாயிறு தவறாமல் நடந்தது. இழுத்துப் போக ஆளில்லாததால் வீரர் எல்லாக் குகைக்கும் கடைசியாக நுழைந்தார்.

வடிகாலில் மாட்டிக்கொண்டவர்களின் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. கடையில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அவள் மின்னஞ்சலைத் திறந்து பதில் எழுதுவார். தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாருங்க. எழுதி முடித்ததும் அவருக்குக் கொஞ்சம் மூச்சு வரும். உலகத்தில் எங்கோ நாலு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, அவள் வரைந்த சாக்கடைக்குள் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருக்கிறார்கள். அந்த நேரத்துக்கு அவள் இருக்கிறாள்.

இந்த நிலைமையில்தான் பேரடைவிலிருந்து அவளுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. எல்லாம் செயலாளர் அம்மாளின் யோசனை. ஓய்வூதிய அலுவலகத்தில் ஆண்டுக்கொரு தடவை ஆள் உயிரோடு இருப்பதற்குச் சான்று கேட்பார்கள். அதையே இங்கும் கொண்டுவந்துவிட்டார். ஆக்கம் படைத்த ஒவ்வொருவரும் தாம் இருப்பதை உறுதி செய்ய வேண்டும், செய்யாதவரின் பதிவு நீக்கப்படும். கீழே பச்சையாக ஒரு பொத்தான். அதில், 'ஆம், நான் இருக்கிறேன்.'

கண்ணாடிக்காரர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு வாடிக்கையாளர் வந்து, சட்டம் இறுக்குகிறது என்றார். தளர்த்திக் கொடுத்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார். பொத்தான் அங்கேயே இருந்தது. அழுத்தினார்.

'உங்கள் இருப்பு உறுதி செய்யப்பட்டது. நன்றி. நீங்கள் எங்களோடு இருப்பதில் மகிழ்ச்சி.'

ஒரு பைசா பெறாத எந்திரம் சொன்னதுதான். ஆனாலும் மனுஷன் கடைக் கதவைச் சாத்திவிட்டு, வில்லை தேய்க்கிற எந்திரத்தை ஓடவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அழுதார்.

விஷயம் இத்தோடு முடிந்திருந்தால் சரி. இருப்பை உறுதி செய்தவர்கள் மிகச் சிலரே என்பதால், செய்தவர்களையெல்லாம் பேரடைவு உபகுழுக்களில் போட்டுவிட்டது. அவள் தரம் பார்க்கும் உபகுழுவில் உறுப்பினரானாள். தீர்மானங்கள் அவள் முகவரிக்கு வந்தன. கண்ணாடிக்காரர் பதைபதைத்துப்போய் எதற்கும் பதில் எழுதவில்லை. மௌனம் சம்மதம் என்று எல்லாம் ஒருமனதாக நிறைவேறின. மூன்று மாதத்தில் அவளுக்கு 'முன்மாதிரி உறுப்பினர்' பாராட்டு வந்தது. அடுத்த மாதம் உபகுழுவுக்கே அவளைத் தலைவியாக்கினார்கள். ஆண்டுக் கூட்டத்துக்கு நேரில் வந்து உரையாற்றும்படி அழைப்பும் வந்தது.

அவள் சார்பில் கண்ணாடிக்காரர் போனார். கூட்டம், தலைவரின் பயிற்சிப் பள்ளி வகுப்பறையில். சுவரெங்கும் சாலைக் குறிகள் வரைந்த அட்டைகள். 'நில்' என்ற சிவப்பு அட்டைக்குக் கீழே தலைவரின் நாற்காலி. ஓரத்தில், உள்பாகம் தெரிய வெட்டிய மாதிரி இஞ்சின் ஒன்று துணி போர்த்தி இருந்தது. ஒரு பதினைந்து பேர் வந்திருந்தார்கள். ஒருவர் பையிலும் பகடை இல்லை.

"தர உபகுழுத் தலைவி வரலையா?" என்றார் தலைவர்.

கண்ணாடிக்காரர் எழுந்தார். "அவ போயிட்டாங்க. போன வருஷமே."

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

"பேரடைவுக்குப் பேரிழப்பு. அம்மையாரைப் போல ஒத்துழைத்த உறுப்பினர் நமக்குக் கிடைத்ததில்லை. ஒரு தீர்மானத்தையும் அவர் எதிர்த்ததில்லை. ஒரு கூட்டத்திலும் குறுக்கே பேசியதில்லை. மறைந்த பிறகும் அவர் காட்டிய இந்தப் பொறுப்புணர்வை, உயிரோடிருக்கும் உறுப்பினர்கள் கற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் விதி இருக்கிறது. ஒருவர் இல்லை என்றால், அதை அவரே எழுத்து மூலம் தெரிவித்திருக்க வேண்டும்."

"அவ எப்படிங்க தெரிவிப்பா?"

செயலாளர் நிமிர்ந்தார். "இருக்கேன்னு பொத்தான் அழுத்தினாங்களே சார். அதே மாதிரி இல்லைன்னும் அவங்க மெயில்லேருந்து ஒரு வரி."

"அதை அழுத்தினது நான்தாம்மா."

உரிமமில்லாமல் வண்டி ஓட்டியவனைப் பார்ப்பது போலத் தலைவர் அவரைப் பார்த்தார்.

"நிறுவனர் என்பதால் நடவடிக்கை வேண்டாம். நான் இரக்கமில்லாதவன் அல்ல. பதிவின் நிலையை மட்டும் திருத்துவோம். மூன்று நிலைகள் உண்டு. செயலில். ஓய்வில். கைவிடப்பட்டது. செயலில் இல்லை என்று தெரிந்துவிட்டது."

"ஓய்வுல போடுங்களேன்" என்றார் கண்ணாடிக்காரர்.

"போடலாம். தாராளமாக. ஓய்வு என்றால் திரும்பி வரும் தேதியைக் குறிப்பிட வேண்டும். எப்போது வருகிறார்?"

கண்ணாடிக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்படியானால் கைவிடப்பட்டது."

"இல்லைங்க. அவ எதையும் கைவிடலை. ஆஸ்பத்திரியிலகூட வரைஞ்சிக்கிட்டுத்தான் இருந்தா. அந்த ஒரு வரி இருக்கட்டுங்க. பட்டியலே அதுக்காகத்தான் கட்டினேன். அது வழியாத்தான் ஆளுங்க அவகிட்ட வர்றாங்க."

"பிறகு அவர் எந்த நிலையில் இருக்கிறார்? நீங்களே சொல்லுங்கள், பதிவு செய்துகொள்கிறோம்."

கண்ணாடிக்காரர் சுற்றும் முற்றும் பார்த்தார். விளையாட்டுக்கென்று கூடிய கூட்டம்தானே இது, சொன்னால் புரியும் என்று நினைத்துவிட்டார்.

"குதிரைங்களைப் பார்த்துக்கிட்டு இருக்கா."

ஒருவருக்கும் புரியவில்லை. ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் என்ன குதிரை என்று கேட்டார். விலங்குகளுக்கு இன்னும் வகைப்பாடு உருவாக்கவில்லை என்று இன்னொருவர் நினைவுபடுத்தினார். செயலாளர் அம்மாளின் பேனா மட்டும் நின்றுபோனது. எப்போதோ, இந்தப் பேரடைவுக்கெல்லாம் முன்னால், எந்த மேசையிலோ அவரும் உட்கார்ந்திருக்க வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்துக்கொண்டு, வாக்கெடுப்பில் எல்லோரோடும் சேர்ந்து கையைத் தூக்கினார்.

கூட்டக் குறிப்பு மறுநாளே வந்துவிட்டது. இந்த மாதிரி விஷயங்களில் பேரடைவு தாமதிப்பதில்லை. 'அரக்கன் வீட்டு வடிகால். நிலை: கைவிடப்பட்டது. காரணம்: ஆக்கியவர் குதிரைப் பராமரிப்பில் ஈடுபட்டிருப்பதால். பதிவு நீக்கப்பட்டது.'

அவளுடைய பக்கம் இருந்த இடத்திலேயேதான் இருந்தது. அங்கே போக வழிதான் இல்லை. வேறு பட்டியல் கட்டலாமே என்று மச்சினன் சொன்னான். கட்டினார், ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. எது வேண்டுமென்றாலும் எல்லோரும் பேரடைவுக்குத்தான் போவார்கள். அப்படிப் பழக்கியவர் அவரேதான்.

கடிதங்கள் குறைந்தன. கடைசியாக ஒரு கூட்டம் எழுதியது: "தண்ணி ஓடுற பக்கமே போனோம், வெளியே வந்துட்டோம். நன்றிங்க அக்கா." அதற்கு என்ன பதில் போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அதன் பிறகு யாரும் மாட்டிக்கொள்ளவில்லை. கடையில் வேலையில்லாத நேரங்களில் மின்னஞ்சலைத் திறப்பார், மூடுவார். கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பத் திறப்பார்.

ஞாயிறு வந்தது. மேலறையில் வரைபடம் விரிந்தது. புதுக் கதை. மலைக்கடியில் ஒரு சுரங்கம், அதன் வாசலில் ஆட்கள்.

"உள்ள இருட்டு" என்றான் மச்சினன். "என்ன செய்றீங்க?"

நர்ஸ் விளக்கேற்றுகிறேன் என்றாள். ரொட்டிக்கடைக்காரர் முதலில் கல் எறிந்து பார்க்கிறேன் என்றார். மச்சினன் அத்தானைப் பார்த்தான்.

"நான் உள்ள வரலை" என்றார் கண்ணாடிக்காரர். "நான் குதிரைங்ககிட்ட போறேன்."

"அத்தான், நீங்கதான் வந்திருக்கீங்களே. வராதவங்கதானே அங்க..."

"அவ ரொம்ப நாளா தனியா நிக்கிறா."

ரொட்டிக்கடைக்காரர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். நர்ஸ் மேசைக்கு அடியில் கண்ணாடிக்காரரின் கையைப் பிடித்தாள். மச்சினன் வரைபடத்தை எடுத்துச் சுருட்டி வைத்தான். பிறகு கதை சொல்கிறவனின் குரலில் ஆரம்பித்தான்.

"மலைக்கு வெளியே ஒரு புல்வெளி. வெயில் சாயுது. நாலு குதிரைங்க மேயுது. பாறை மேல ஒற்றைக்காது உக்காந்திருக்கா. குச்சியால மண்ணுல ஏதோ வரைஞ்சிக்கிட்டு இருக்கா. உங்களை இன்னும் பார்க்கலை." நிறுத்தினான். "என்ன செய்றீங்க அத்தான்?"

"பக்கத்துல போய் உக்கார்றேன்."

சொல்லிவிட்டு, பழக்க தோஷத்தில் பகடையை எடுத்து உள்ளங்கையில் குலுக்கினார். மச்சினன் எட்டி அவர் கையை மூடிப் பிடித்துக்கொண்டான்.

"அதுக்கு டைஸ் வேண்டாம் அத்தான்."